தெள்ளாறெறிந்த நந்திவர்மன்

உப்பளக் கடற்கரை

தமிழகத்தின் கீழைக் கடற்கரையில், சென்னைக்குத் தெற்கே, புதுச்சேரிக்கு வடக்கே அமைந்துள்ளது மரக்காணம் என்னும் ஊர். கோடைக் காலத்தில் அங்குச் செல்வோர், கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் கட்டங்கட்டமாய்ப் பகுக்கப்பெற்ற பாத்திகளையும், அவற்றின் கரைகளிலே வெண்குன்றுகள் போலக் குவிந்து கிடக்கும் உப்பையும் காண்பர். உவர்நீரை முதற்கண் பெரும்பாத்திகளில் தேக்கிக் கதிரவன் வெம்மையிலே சுண்டவிடுவர்; செறிந்த நீரைப் பின்னர்ச் சிறுபாத்திகளிற் பாய்ச்சுவர்; அங்கே நீர் வற்ற, உப்பு மணிமணியாய் விளையும். அதனை நீண்ட கழியிற் பொருத்திய பலகையால் வாரி ஒதுக்குவர். பலகையை மிக அழுத்தினால் அடிச்சேறு உப்போடு கலந்துவிடும். மேலாக இழுத்தாலோ விளைந்த உப்புப் பாத்தியிலேயே தங்கிவிடும். சேறு கலவாமலும் உப்புக் குறையாமலும் வாருவதே அத்தொழிலின் திறம்.

பழங்காலத்துச் செய்திகளைத் திரட்டுவோர்க்கும் இத்திறம் வேண்டும். ஓர் அரசன் மறைந்து நூற்றாண்டுகள் பல கழிந்தபின், அவன் செய்தனவும், அவனைப்பற்றி மக்கள் புனைந்தனவும் ஒரே பாத்தியிற் கிடக்கும். அவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக விளங்குவது, இக்கடற்கரையை உள்ளிட்ட தொண்டை நாட்டை ஆண்ட மூன்றாம் நந்திவர்மனுடைய வரலாறு.

மரக்காணம் பழம்பெருமை வாய்ந்த ஊர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடன் என்னும் வள்ளலைப் பாடுவது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் என்னும் நெய்தல் நகரம் இம்மரக்காணமே என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இங்குள்ள பூமீசுவரர் கோயிலிற் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. சங்க காலத்திற்கும் சோழர் காலத்திற்கும் இடையே இந்நிலப்பகுதி பல்லவர் ஆட்சியில் இருந்தது. பல்லவர் உப்பை அரசுக்குரிய பொருளாகப் போற்றினர். ஊர்களைத் தானமாக வழங்கியபோது, அவ்வூர்களில் உப்பெடுக்கும் அரசுரிமையையும் விட்டுக்கொடுத்ததாகச் செப்பேடுகளில் தனியே பொறித்தனர். ஆகவே, இக்கடற்கரையும் இதன் விளைவும் அவர்தம் அரசியலிற் சிறிதெனக் கருதப்படவில்லை.

நந்திவர்மன் அரியணை ஏறிய காலம்

மூன்றாம் நந்திவர்மன் ஏறத்தாழக் கி.பி. 846 முதல் 869 வரை காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். இவன் தந்தை தந்திவர்மன். தாய் கதம்பர் குலத்து அரசமகள் அக்களநிம்மடி. தந்திவர்மன் காலத்திலே பல்லவ அரசு தளர்வுற்றது. வடக்கே இராட்டிரகூடர் காஞ்சியைத் தாக்கித் திறை கொண்டனர். தெற்கே பாண்டியர் காவிரி நாட்டைத் தம் வயமாக்கிக்கொண்டு மேலும் வடக்கே வந்தனர். பாண்டியன் வரகுணன், தொண்டை நாட்டுப் பெண்ணையாற்றங்கரையில் அரைசூர் என்னும் இடத்திலே பாடி வீட்டில் தங்கியிருந்தான் என்று அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டுக் கூறுகிறது. பெண்ணையாறு மரக்காணத்திற்குத் தெற்கே கடலொடு கலப்பது. எனவே, ஓய்மாநாடு அக்காலத்திற் பகைவர் எட்டிப்பார்க்கும் எல்லைப்புறமாயிற்று. இந்நெருக்கடி மிக்க காலத்திலேயே நந்திவர்மன் முடி சூடினான்.

தெள்ளாற்றுப் போர்

வரகுணனுக்குப் பின் பாண்டிய நாட்டை ஆண்டவன் சீமாறன் சீவல்லபன். அவன் காலத்திற் பாண்டியப் படை பெண்ணையாற்றைக் கடந்து தொண்டை நாட்டின் உட்பகுதிக்கே வந்துவிட்டது. அப்படையை நந்திவர்மன் எதிர்த்து நின்ற இடம் தெள்ளாறு. மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம் சென்று, அங்கிருந்து வந்தவாசி செல்லும் சாலையிற் சென்றால் அவ்வூரை அடையலாம். அது காஞ்சிக்கு இரண்டு நாள் நடைத் தொலைவினது. அங்குத் தோற்றிருப்பின் தலைநகரே பகைவர் கையிற் சிக்கியிருத்தல் கூடும்.

நந்திவர்மன் தோற்றிலன். தெள்ளாற்றிற் பகைப்படையை முறியடித்து, அது மீண்டும் தலையெடாதவாறு தெற்கே துரத்திச் சென்றான். வெள்ளாறு, பழையாறு, நள்ளாறு முதலிய போர்க்களங்களின் பெயர்களை அவன்மீது பாடப்பெற்ற நூல் எடுத்துரைக்கின்றது. இவ்வெற்றியே அவனுக்கு அடைமொழியாய் அமைந்தது. அவன் காலத்துக் கல்வெட்டுகள் அவனைத் 'தெள்ளாறெறிந்த நந்திபோத்தரையர்' என்று குறிக்கின்றன. எறிதல் என்பது ஈண்டுப் போரிட்டு வெல்லுதல் என்னும் பொருளது. 'தெள்ளாறெறிந்து இராச்சியமும் கொண்ட' என்னும் தொடரும் கல்வெட்டில் வழங்குகின்றது. இத்தொடர், அவன் தந்தையின் அரியணையை எளிதிற் பெற்றவன் அல்லன், போரிட்டே அரசை நிலைநாட்டினான் என எண்ண இடந்தருவது. இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் எழுந்த கதையை ஆராயுங்கால் இது பயன்படும்.

வெற்றியைக் கூறும் வரலாறு தோல்வியையும் கூறும். சில ஆண்டுகளுக்குப் பின், பல்லவரும் கங்கரும் சோழரும் பிறரும் கூடி எதிர்த்த படையைக் குடமூக்கில், அஃதாவது இன்றைய கும்பகோணத்திற் சீமாறன் வென்றான் எனப் பாண்டியரின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடுகள் கூறுகின்றன. அத்தோல்வியின் இழுக்கை, நந்திவர்மன் மகன் நிருபதுங்கவர்மன் அரிசிலாற்றங்கரையிற் பாண்டியரை வென்று துடைத்தான் என்று பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. ஒருவர் செப்பேட்டை மட்டும் படிப்போர் ஒருவர் வெற்றியையே காண்பர்; இருவர் செப்பேட்டையும் ஒருங்கு வைத்துப் படிப்போரே நிகழ்ந்ததை உணர்வர்.

கடல் கடந்த பெயர்

போர்த்திறம் ஒன்றே நந்திவர்மன் பெருமை அன்று. அவன் வடக்கே இராட்டிரகூடருடன் இருந்த பழம்பகையை மணவுறவால் மாற்றினான். இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனுடைய மகள் சங்கா என்பாளை மணந்தான். அவ்விருவர்க்கும் பிறந்த மகனே நிருபதுங்கன். நிருபதுங்கன் என்பது அமோகவர்ஷனுக்கும் உரிய பெயர். பாட்டன் பெயரையே பேரன் பெற்றான்.

நந்திவர்மனுக்கு 'அவனிநாரணன்' என்னும் சிறப்புப்பெயர் உண்டு. அவனி என்பது நிலவுலகம். நாரணன் என்பது திருமாலின் பெயர். தாய்லாந்து நாட்டின் மேலைக் கடற்கரையிலுள்ள தகுவாபா என்னும் ஊர்ப்பக்கத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டுக் கண்டெடுக்கப்பெற்றது. அதிலே, நாங்கூரைச் சார்ந்த ஒருவர் தொட்ட குளத்திற்கு 'அவனிநாரணம்' என்று பெயரிட்ட செய்தியும், அக்குளம் மணிக்கிராமத்தார் என்னும் வணிகர் குழுவினர்க்கும் சேனாமுகத்தார்க்கும் அடைக்கலமாக விடப்பெற்ற செய்தியும் காணப்படுகின்றன. அப்பெயர் இம்மன்னன் சிறப்புப்பெயரே என்று அறிஞர் கொள்வர். கடலுக்கு அப்பால் வாழ்ந்த தமிழ் வணிகர், தாம் குடிக்கும் நீருக்குத் தம் மன்னன் பெயரை வைத்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. மாமல்லையும் மயிலையும் அவன் ஆட்சிக்குட்பட்ட கடற்கரை நகரங்களாய் விளங்கின.

தமிழ்ப் புலவரையும் அவன் போற்றினான். பெருந்தேவனார் என்னும் புலவர் மாபாரதக் கதையை வெண்பாவும் உரைநடையும் விரவப் பாடினார். அந்நூலின் ஒரு பகுதியே இன்று கிடைத்துளது. அது தெள்ளாற்றில் வென்ற மன்னனைப் போற்றுகின்றது. அவன்மீதே பாடப்பெற்ற மற்றொரு நூல் நந்திக்கலம்பகம். இதுவே நமக்குக் கிடைத்துள்ள கலம்பக நூல்களுள் மிகப் பழமையானது.

கலம்பகம் என்பது பலவகைப் பாக்களும் பலவகைப் பொருள்களும் கலந்து வரத் தொடுப்பது. கலம் என்பது பன்னிரண்டையும் பகம் என்பது அதிற் பாதியாகிய ஆறையும் குறிக்குமாதலின், பதினெட்டு உறுப்புகளையுடைய நூல் கலம்பகம் எனப் பெயர் பெற்றது என்பாரும் உளர். அரசன் தோள்வலியைப் புகழும் புயவகுப்பு, மகட்கொடை மறுக்கும் மறம், குறி கூறும் குறம், தூது, அம்மானை, ஊசல் முதலியன அவ்வுறுப்புகளுட் சில. பலவண்ண மலர்களால் தொடுத்த கதம்பம் போன்றது அது. நந்திக்கலம்பகமோ சொல்லினிமையாலும் பொருட்செறிவாலும் பின்வந்த கலம்பகங்களுக்கெல்லாம் வழிகாட்டி. ஆயினும், அதனைப் பாடிய புலவர் பெயர் இன்று அறியப்படவில்லை.

பிற்காலத்துக் கதை

இந்நூலையும் இம்மன்னனையும் இணைத்துத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகின்றது. அது வருமாறு:

நந்திவர்மனுக்கு மாற்றாந்தாய் வயிற்றுப் பிறந்த தம்பி ஒருவன் இருந்தான். அரசுரிமை தனக்குக் கிட்டாமையால் அவன் தமையன்மீது தீராப் பகை கொண்டான். வாளால் வெல்ல இயலாதவன் தமிழால் வெல்லக் கருதினான். கேட்பவன் உயிரைப் போக்கும் வகையில் நச்செழுத்துகளை அமைத்து, 'அறம் வைத்து' ஒரு கலம்பகம் பாடினான். அதனிற் சில பாடல்களை ஒருத்தி ஓரிரவு இசையோடு பாடிக்கொண்டிருந்தாள். தெருக்காவலர் அதனைக் கேட்டு மன்னனிடம் கூறினர். மன்னன் அப்பாடல்களின் சுவையிலே ஈடுபட்டு, நூல் முழுவதும் கேட்க விரும்பினான். 'இதனை முற்றக் கேட்டால் உயிர் போம்' என்று தம்பியே மனமிளகித் தடுத்தும் மன்னன் கேளானாயினான். அரண்மனை தொடங்கிச் சுடுகாடு வரையில் நூறு பந்தல்கள் இடப்பட்டன. பந்தலுக்கு ஒரு பாடலாகக் கேட்டுக்கொண்டே சென்றான். இறுதியில் விறகடுக்கிய ஈமத்தின்மீது ஏறிக் கிடந்து, நூறாவது பாடலைக் கேட்டான். பாடல் முடிந்தது, ஈமம் தானே தீப்பற்றி எரிந்தது, மன்னன் மாண்டான். செந்தமிழ்ச் சுவைக்காகச் சாவையும் விரும்பி ஏற்றான் என்பது கதை.

படிக்காசுப் புலவர் பாடிய தொண்டைமண்டல சதகத்திலும், சிவஞான முனிவர் இயற்றிய சோமேசர் முதுமொழி வெண்பாவிலும் இக்கதை குறிப்பிடப்பெற்றுள்ளது. கேட்டோர் உள்ளத்தை உருக்கும் இக்கதை மேடைகளிலும் பன்முறை எடுத்துரைக்கப்பெற்றது. தெள்ளாற்று வெற்றியை அறியாதாரும் ஈமத்தீயை அறிவர்.

கதையை ஆராய்தல்

இக்கதை நிகழ்ச்சியா, புனைவா என்று காணுதல் வேண்டும்.

முதலாவது, காலம். நந்திவர்மன் மறைந்தது ஒன்பதாம் நூற்றாண்டில். கதையைக் கூறும் படிக்காசுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டினர். சிவஞான முனிவர் 1785-இல் மறைந்தவர். மன்னன் காலத்திற்கும் இந்நூல்களின் காலத்திற்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் உள்ளன.

இரண்டாவது, மன்னன் குடும்பத்தார் பொறித்த சான்று. மரக்காணத்திற்குத் தெற்கே, புதுச்சேரியைச் சார்ந்த பாகூரில், பல்வகைக் கலைகளைக் கற்பித்த வித்தியாஸ்தானம் என்னும் கல்லூரி ஒன்று இருந்தது. அதனைப் புரக்க மூன்று ஊர்களை வழங்கிய செய்தியைக் கூறுவதே மேலே குறித்த பாகூர்ச் செப்பேடு. நிருபதுங்கனது எட்டாம் ஆட்சியாண்டில் எழுந்த அது, அவன் தந்தை நந்திவர்மனையும் தாய் சங்காவையும் புகழ்ந்து பேசுகின்றது. தீயில் மாண்ட செய்தியோ, உடன்பிறந்தான் செய்த வஞ்சமோ அதில் இல்லை. தந்தைக்குப் பின் மகன் முடி சூடினான் என்பதே அதனால் பெறப்படுவது. தமையனைக் கொன்ற தம்பி அரசைக் கைக்கொண்டதாக எக்கல்வெட்டும் கூறவில்லை.

மூன்றாவது, இலக்கண வழக்கு. பாட்டியல் நூல்கள் கலம்பகத்திற்குப் பாடல் அளவு வகுக்கின்றன. தேவர்க்கு 100, முனிவர்க்கு 95, அரசர்க்கு 90 என்பது அவ்வரையறை. கதையிலோ மன்னனுக்கு நூறு பந்தல்களும் நூறு பாடல்களும் கூறப்படுகின்றன. நூறு என்பது கதை சொல்வோர்க்கு இனிய நிறைவெண். அதனாலேயே அது கதையில் இடம் பெற்றது போலும். நச்செழுத்து விலக்குதல், மங்கலச்சொல் அமைத்தல் ஆகியவற்றைப் பாட்டியல் நூல்களே விரித்துரைப்பன. அவை புலவரிடையே பெருவழக்குப் பெற்ற காலத்திலே, பாட்டால் உயிர் போக்கலாம் என்னும் நம்பிக்கையும் வேரூன்றியது. அந்நம்பிக்கை இக்கதைக்கு உரமாயிற்று.

நான்காவது, நூலின் இயல்பு. நந்திக்கலம்பகம் முழுவதும் மன்னன் வீரத்தையும் கொடையையும் அழகையும் வாயாரப் புகழ்வது. பகைத்தவன் பாட்டு இவ்வாறு கனிதல் அரிது. நூலோடு சேர்ந்து வழங்கும் பாடல்களுள் ஒன்று, மன்னன் இறந்தமைக்கு இரங்குவதாய் அமைந்த கையறுநிலை. அரசன் மறைந்தபின் புலவர் பாடிப் புலம்புதல் சங்க காலந்தொட்டு வரும் மரபு. பிற்காலத்தார் இம்மரபை மறந்து, இறந்தபின் பாடிய பாட்டை இறப்பதற்காகப் பாடிய பாட்டெனப் பிறழ உணர்ந்தனர் எனக் கொள்ளுதலே பொருந்தும். இரங்கிய புலவன் கொன்றவன் ஆயினான்.

கதையில் உள்ள உண்மை

இங்ஙனமாயின் இக்கதையை முற்றும் தள்ளிவிடலாமோ எனின், அதுவும் தகாது. கதைகள் வெறும் வெளியில் முளைப்பதில்லை. 'இராச்சியமும் கொண்ட' என்னும் கல்வெட்டுத் தொடர், இம்மன்னன் தன் அரசுரிமைக்காகப் போராட நேர்ந்ததைக் குறிப்பதாயின், அப்போராட்டத்தின் நினைவே கதையில் வரும் தம்பியாக உருமாறியிருத்தல் கூடும். இஃது ஊகமே, ஊகத்தை ஊகமாகவே கொள்ளுதல் நேர்மை.

அதனினும் பெரிதாகிய உண்மை ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு முடிவெய்துங் காலத்திற் சோழன் ஆதித்தன் பல்லவர் ஆட்சிக்கு முடிவு கட்டினான். பல்லவரின் படைகள் மறைந்தன, மரக்கலங்கள் மறைந்தன. குடமூக்குத் தோல்வியையும் அரிசிலாற்று வெற்றியையும் மக்கள் மறந்தனர். ஆயினும், தமிழைச் சுவைத்த மன்னன் ஒருவன் இருந்தான் என்பதை மட்டும் அவர்கள் மறக்கவில்லை. அதனைச் சொல்ல அவர்களுக்கு ஒரு கதை வேண்டியிருந்தது. தமிழுக்காக அவன் உயிரையே கொடுத்தான் என்று சொல்லினர். கல்வெட்டுகள் மன்னன் இன்னது செய்தான் என்று கூறுகின்றன. கதை, மக்கள் தம் மன்னனிடம் எதனைப் பெரிதாக மதித்தனர் என்று கூறுகின்றது. முன்னையது மன்னன் வரலாறு. பின்னையது மக்கள் உள்ளத்தின் வரலாறு. ஒன்றனை மற்றொன்றாகக் கொள்ளும்போதே பிழை நேர்கின்றது.

அப்பிழையால் நேர்ந்த தீங்கும் சிறிதன்று. தமிழிற் கலம்பகம் என்னும் நூல்வகைக்கே வழிகாட்டிய ஒரு பெரும்புலவன் பெயர் மறைந்துபோயிற்று. பெயர் மறைந்த இடத்தில் பழி மட்டும் நிலைத்தது. தன் மன்னனை அன்போடு பாடியவன், தமையனைத் தமிழால் கொன்ற கொடியவன் என நூற்றாண்டுக்கணக்காகக் கூறப்பட்டான். தான் கூறாததைத் தன்மீது ஏற்றிச் சொல்வோர்க்கு மறுமொழி கூற, மறைந்தவனால் இயலாது. அவன் பொருட்டு மறுமொழி கூற வல்லவை கல்லும் செப்பேடும் அவன் பாடிய நூலுமே. அவற்றைப் பொறுமையோடு கற்று உண்மை காண்பது, அப்பெயரறியாப் புலவனுக்குக் கற்போர் செய்யத்தக்க கடனாகும்.

மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் ஒவ்வொரு கோடையிலும் பாத்திகளிற் பலகை பிடித்து நிற்கின்றனர். உப்பு அந்நிலத்தின்மீதே விளைவது. நிலத்தை வெறுத்தால் உப்பில்லை. ஆயினும் நிலத்து மண்ணை உப்பென்று விற்பார் எவருமில்லை. வரலாறு கற்போரும் அவ்வாறே மக்கள் வழங்கும் கதைகளை இகழாமலும், அவற்றையே நிகழ்ச்சி என மயங்காமலும் உண்மையைத் திரட்டுதல் வேண்டும். அங்ஙனம் திரட்டுங்கால், தெள்ளாற்றில் நாட்டைக் காத்த நந்திவர்மன் புகழ் ஒரு சிறிதும் குறைவதில்லை. அவனைப் பாடிய புலவன்மீது படிந்த பழியோ நீங்கிவிடுகின்றது.